கண்ணை மூடாமல் ஜெபிப்பது அவிசுவாசமா?

சகோதரரே, ஆராதனையில் எல்லாரும் கண்ணை மூடும்போது, போலீஸ்காரரான உங்கள் கண் மட்டும் வாசலையும் ஆட்களின் கைகளையும் பார்க்கிறது, இது விசுவாசக் குறைவோ என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லவே இல்லை. நானும் பல வருடம் காவல் பணியில் இருந்தவன். இன்றும் கடைசி வரிசையில், சுவரை ஒட்டித்தான் உட்காருகிறேன்.

பைபிளில் நெகேமியா 4:9-ஐ எடுத்துப் பாருங்கள். எருசலேமின் அலங்கத்தை, அதாவது மதிற்சுவரை, கட்டியவர்கள் ஜெபமும் பண்ணினார்கள், இரவும் பகலும் காவலும் வைத்தார்கள். ஒரே வசனத்தில் இரண்டும் இருக்கிறது.

எனக்குக் கவலை தந்தது வேறு. வீட்டில் மகன் பைக்குள் கைவிட்டாலே உடம்பு விறைக்கிறது என்கிறீர்களே, அதுதான். அது விழிப்பு இல்லை, களைப்பு. நான் பணியில் இருந்த நாட்களில், வேலை முடிந்து பெல்ட்டைக் கழற்றும்போது, அன்று எதிர்ப்பட்டவர்களை ஒவ்வொருவராக நினைத்து ஜெபிப்பேன், என்னை அடிக்க வந்தவனையும் சேர்த்து. அதுவரை கையை மட்டும் பார்த்திருப்பேன். அப்போதுதான் முகம் ஞாபகம் வரும்.

அப்புறம், தூக்கமும் கெட்டிருக்கிறது என்றீர்கள். பைபிளில் சோர்ந்துபோன எலியா தீர்க்கதரிசிக்கு முதலில் கிடைத்தது தூக்கமும் அப்பமும் தண்ணீரும்தான். போதகரிடம் பேசுங்கள், சரி. அதோடு ஒரு மனநல ஆலோசகரையும் இந்த வாரமே போய்ப் பாருங்கள்.