இணையத்தள உருவாக்கம் கற்கத் தொடங்குபவர் எவ்வளவு நிரலை மனப்பாடம் செய்ய வேண்டும்?

பக்கத்தின் உள்ளடக்கத்தை அமைக்கும் எச்.டி.எம்.எல்., அதன் தோற்றத்தை அமைக்கும் சி.எஸ்.எஸ். ஆகியவற்றின் பாடங்களை முடித்த பின்னும் பார்க்காமல் எழுத வரவில்லை என்று கேள்வியில் வருந்தியிருக்கிறீர்கள். தலைப்பு, பத்தி, படம், இணைப்பு, ஒரு சிறு படிவம் ஆகியவை கொண்ட எளிய பக்கத்தை வெற்றுக் கோப்பில் தொடங்கி எழுதி முடிக்க முடிந்தால், தொடக்க நிலையில் அதுவே போதும். எச்.டி.எம்.எல்.-இல் நூற்றுக்கு மேற்பட்ட குறிச்சொற்கள் உள்ளன என்றாலும், அன்றாட வேலையில் திரும்பத் திரும்ப வருபவை சிலவே. அவை எழுத எழுதக் கையில் படிந்துவிடும். பக்கத்தின் தொடக்க வரிகளைக்கூட நினைவில் வைக்கத் தேவையில்லை, நிரல் எழுதும் செயலியான வி.எஸ். கோடில் எச்.டி.எம்.எல். கோப்பைத் திறந்து ஆச்சரியக்குறி இட்டு டேப் விசையை அழுத்தினால் அவை தாமாகவே வந்து நிற்கும்.

நான் மியான்மரின் யாங்கோனில் ஒரு சிறிய நிறுவனத்தில் புதிதாகச் சேர்பவர்களுக்கு வேலை பழக்குகிறேன். இங்கே பள்ளிப் படிப்பு பெரும்பாலும் ஒப்பித்தலையே நம்பியிருப்பதால், அதில் தேர்ந்த நம் பிள்ளைகள் நிறம், அளவு போன்றவற்றைக் குறிக்கும் சி.எஸ்.எஸ். பண்புகளையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி உருப்போடுவதைப் பார்க்கிறேன். அந்த உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. அது தவறான பக்கத்தில் செலவாகிறது என்பதே என் வருத்தம். எதை மனத்தில் வைப்பது என்று முடிவு செய்ய நான் ஓர் அளவுகோலைச் சொல்வதுண்டு: பிழை செய்தால் கணினியே சொல்லிவிடும் என்றால் அதை மனப்பாடம் செய்யாதீர்கள், சொல்லாமல் விட்டுவிடும் என்றால் அதை எப்பாடுபட்டாவது நினைவில் வையுங்கள்.

பக்கத்தை இயங்க வைக்கும் மொழியான ஜாவாஸ்கிரிப்டில் ஒரு செயற்கூற்றின் (ஃபங்ஷன்) பெயரைத் தவறாக எழுதி இயக்கினால், உலாவியின் கன்சோல் என்ற பிழை காட்டும் பலகத்தில் சிவப்பு எழுத்தில் வரி எண்ணோடு செய்தி வரும். ஆனால் ஒரு தேநீர்க் கடையின் விலைப் பட்டியலில் 900, 1500, 12000 சாட் (இந்நாட்டு நாணயம்) என்ற மூன்று எண்களை வெறும் ‘சார்ட்’ கட்டளையால் வரிசைப்படுத்திப் பாருங்கள். அது எண்களைச் சொற்களாகக் கருதி 12000, 1500, 900 என்று அடுக்கும், எச்சரிக்கை ஏதும் வராது. பட்டியலிலிருந்து ஒரு பகுதியை எடுக்கும் ‘ஸ்லைஸ்’ மூலப் பட்டியலைத் தொடாது, ‘ஸ்ப்ளைஸ்’ அதையே மாற்றிவிடும். இணையத்திலிருந்து தரவைக் கேட்டு வாங்கும் ‘ஃபெட்ச்’, கேட்ட பக்கம் இல்லை என்று 404 என்ற பிழை எண் வந்தாலும் அதைத் தோல்வியாக எண்ணாது. விடை சரியா என்று நாம்தான் சோதிக்க வேண்டும். சி.எஸ்.எஸ். இன்னும் மோசம்: பண்பின் பெயரில் ஓர் எழுத்து பிசகினால் உலாவி அந்த வரியைப் பேசாமல் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும்.

பர்மிய மொழித் தளங்களில் வேலை செய்பவர்களுக்கு இந்த வகையில் ஒரு பெரிய பாடம் உண்டு. இந்நாடு 2019 அக்டோபர் 1 அன்று எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் பொதுமுறையான யூனிகோடுக்கு அதிகாரப்பூர்வமாக மாறியது. அதற்கு முன் பரவலாக இருந்த ஜோஜி எழுத்துரு, யூனிகோடு பர்மிய எழுத்துகளுக்கு ஒதுக்கிய அதே குறியீட்டு எண்களையே வேறு விதமாகப் பயன்படுத்தியது. ஆகவே வாடிக்கையாளர் தரும் பழைய ஜோஜி உரையைப் புதிய தளத்தில் ஒட்டினால், பக்கத்தின் குறியாக்கம் யூனிகோடு வடிவமான யூ.டி.எஃப்.-8 என்று முறையாக அறிவித்திருந்தாலும் எழுத்துகள் சிதறித் தெரியும், கணினியோ எல்லாம் சரி என்றே கருதும். தமிழிலும் இதற்குத் தொலைவான உறவு ஒன்று இருக்கிறது: ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் ஜாவாஸ்கிரிப்ட் மூன்று என்னாது, ஐந்து என்று சொல்லும், ஏனெனில் அது இகரக் குறியையும் புள்ளியையும் தனியாக எண்ணுகிறது. பெயருக்கு எழுத்து வரம்பு வைக்கும் படிவம் எழுதுபவர் இதை அறியாவிட்டால், நீளமான பெயருடையவர்கள் பதிவு செய்ய முடியாமல் திரும்பிப் போவார்கள்.

‘தேவைப்படும்போது தேடிக்கொள்ளலாம்’ என்ற வழக்கமான அறிவுரையை நான் முழுதாக ஏற்பதில்லை. 2021 பிப்ரவரி நடுவிலிருந்து இங்கே இரவு ஒரு மணி முதல் காலை ஒன்பது வரை இணையம் துண்டிக்கப்பட்டது; மார்ச்சில் கைபேசி இணையமும் நின்றது; மின்வெட்டு இன்றும் வழக்கமானதுதான். அப்படிப்பட்ட இடத்தில் மனப்பாடம் உதவும் என்று தோன்றலாம், ஆனால் நூற்றுக்கணக்கான பண்புகளை மண்டையில் ஏற்றுவதைவிட டெவ்டாக்ஸ் என்ற ஆவணத் தொகுப்புத் தளத்தில் எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் ஆவணங்களைத் தரவிறக்கி வைத்துக்கொள்வது எளிது. இணையம் இல்லாமலே அவற்றைப் படிக்கலாம். எதைத் தேட வேண்டும் என்பதற்கு மட்டும் பெயர் தெரிந்திருக்க வேண்டும். கட்டங்களை ஒரு வரிசையில் அடுக்க சி.எஸ்.எஸ்.-இல் ஃபிளெக்ஸ்பாக்ஸ் என்று ஒன்று இருப்பதை அறிந்தவர், அதன் பண்புகளை அரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நிரலை எழுதித் தருவதால் இந்த அளவுகோல் மாறவில்லை என்றே நினைக்கிறேன். கருவி தரும் வரியிலும் மேலே சொன்ன ‘சார்ட்’ பிழை ஒளிந்திருக்கலாம். அதைப் பார்த்தவுடன் ஐயம் எழ வேண்டியது உங்கள் மனத்தில்தான்.

நேர்காணல் மட்டும் தனிக் கதை. சில நிறுவனங்கள் இன்னும் திரையைப் பகிரச் சொல்லி, எதையும் பார்க்காமல் எழுதுமாறு கேட்கின்றன. அது நியாயமான சோதனையா என்று வாதாடுவதில் பயனில்லை. நேர்காணலுக்கு முந்தைய வாரத்தில், பட்டியல்களைக் கையாளும் ஜாவாஸ்கிரிப்ட் கட்டளைகளான ‘மேப்’, ‘ஃபில்ட்டர்’, ‘ரெடியூஸ்’ மூன்றையும் நாள்தோறும் எழுதிப் பழகிக்கொள்ளுங்கள். வேலையில் சேர்ந்த பிறகு ‘ரெடியூஸ்’ கேட்கும் மதிப்புகளின் வரிசை மறந்துபோனால் பாதகமில்லை, எங்களில் பாதிப் பேர் அதை இன்னும் பார்த்துத்தான் எழுதுகிறோம்.