கோகர்ணாவில் ஒரு நாள்: விட்டுக்கொடுக்க வேண்டாம்

கேள்வி: மும்பை மாட்டுங்காவில் இருக்கிறோம். கல்யாணமாகி மூன்று வருஷம். நவம்பரில் கல்பாத்தித் தேருக்குக் கடற்கரை ரோடு வழியாகக் காரிலேயே பாலக்காடு போகலாம் என்று இருவருக்கும் ஆசை. பன்னிரண்டு நாள் லீவு. அவர் இரண்டே நாளில் ஓட்டிவிடலாம் என்கிறார். மங்களூரில் என் அக்கா, கோழிக்கோட்டில் அவருடைய சித்தி, இரண்டு வீட்டிலும் தங்கச் சொல்கிறார்கள். எனக்கு வழியில் கர்நாடகக் கடற்கரையில் இருக்கும் கோகர்ணாவில் ஒரு நாள் நாங்கள் இருவர் மட்டும் இருக்க வேண்டும். மாமியாரோ, "தேர் பாக்க வரேளா, ஊர் சுத்த வரேளா?" என்கிறார். என் ஆசையை விட்டுவிடட்டுமா?
(பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகி)

பதில்: விடாதீர்கள். மும்பையில் வேலை, ரயில், வீடு என்று ஓடும் ஒரு தம்பதிக்கு, சேர்ந்து உட்கார்ந்து பேச ஒரு முழு நாள் கிடைப்பதே அபூர்வம். அதைக் கேட்பதில் தப்பே இல்லை.

முதலில் உங்கள் கணவரின் கணக்கைப் பார்ப்போம். இந்த வழியில் பாலக்காடு சுமார் 1,300 கிலோமீட்டர். மேப்பில் பார்த்தால் இரண்டு நாளில் முடியும் போலத்தான் இருக்கும். ஆனால் பன்வேலிலிருந்து கோவா வரைக்குமான ரோட்டை அகலப்படுத்த 2011-இல் ஆரம்பித்தார்கள். அந்த வேலை வருஷக்கணக்கில் இழுத்ததை மும்பைக்காரர் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கஷேடி மலைப்பாதையில் சுரங்கப்பாதை வந்த பிறகு மலை ஏறி இறங்கும் சிரமம் குறைந்திருக்கிறது. இருந்தாலும் மாண்காவ் மாதிரி ஊர்களில் ரோடு கடைத்தெருவாகிவிடும். அப்புறம் கேரளாவில் ஆறுவழிச் சாலை வேலை. இரண்டு நாளில் ஓட்டினால் ராத்திரி வெகுநேரமும் ஓட்ட வேண்டிவரும். அது வேண்டவே வேண்டாம்.

ஐந்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பி, சாயங்காலம் சாவந்த்வாடியில் தங்குங்கள். மறுநாள் கோவாவைத் தாண்டி மதியத்துக்குள் கோகர்ணா. நவம்பரில் போவது நல்லதுதான், கொங்கணில் மழை விட்டிருக்கும். இதே வழியை ஆடி மாதத்தில் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். 2024 ஜூலையில் அங்கோலா பக்கம் சிரூரில் இதே நெடுஞ்சாலைமேல்தான் மலை சரிந்து உயிர்கள் போயின.

மூன்றாம் நாள் முழுக்கக் கோகர்ணா. இது அப்பரும் சம்பந்தரும் பாடிய திருக்கோகரணம் என்பது உங்கள் மாமியாருக்குத் தெரிந்திருக்கலாம். துளுவ நாட்டில் உள்ள தேவாரத் தலம். ராவணன் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுக்க முடியாமல் போன ஆத்மலிங்கம் என்பார்கள். லிங்கம் கண்ணுக்குத் தெரியாது. பீடத்தின் நடுவே ஒரு சின்னக் குழி. அதற்குள் விரலை விட்டுத் தடவினால் ஈரத்துக்கு அடியில் அதன் நுனி தட்டுப்படும். காலையில் கோயில், மதியத்துக்கு மேல் ஓம் பீச் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கோயிலை மட்டும் சொல்லி பீச்சை மறைக்காதீர்கள். பின்னால் போட்டோ பார்த்துத் தெரிந்தால் மனஸ்தாபம்தான் மிஞ்சும்.

இதை மாமியாரிடம் சொல்ல வேண்டியவர் உங்கள் கணவர். நீங்கள் சொன்னால் மருமகள் பிள்ளையை இழுத்துக்கொண்டு போகிறாள் என்று படும். "அம்மா, நாங்க ரெண்டு பேரும் ஒரு நாள் கோகர்ணத்துல இருந்துட்டு வரோம், தேருக்கு முந்தின நாள் சாயங்காலம் ஆத்துல இருப்போம்" என்று மகன் வாயால் கேட்டால் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். வருஷம் முழுக்கத் தனியாகக் காத்திருப்பவருக்கு, எந்த நாள் வருவீர்கள் என்பது உறுதியாகத் தெரிய வேண்டும். அவர் கேள்வியில் எனக்குக் கேட்பது கோபத்தைவிட அந்தத் தவிப்புதான். தேருக்கு முதல்நாள் என்று சொன்னால் எக்காரணம் கொண்டும் மாற்றாதீர்கள்.

நாலாம் நாள் மங்களூர். வழியில் மரவந்தையில் ஐந்து நிமிஷமாவது நிறுத்துங்கள்: ரோட்டுக்கு ஒரு பக்கம் அரபிக்கடல், மறு பக்கம் சௌபர்ணிகா ஆறு. ராத்திரி அக்கா வீடு. சித்தி வீட்டில் மதியச் சாப்பாடு மட்டும் போதும். ராத்தங்கல் இல்லை என்பதைச் சித்தியிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், அதையும் உங்கள் கணவரே சொல்லட்டும். ஐந்தாம் நாள் விடிவதற்கு முன் மங்களூரை விட்டால் பன்னிரண்டு மணிவாக்கில் கோழிக்கோடு. ஐப்பசியில் கேரளாவில் மதியத்துக்கு மேல் இடியோடு துலாமழை பிடித்துக்கொள்ளும். அதனால் சித்தி எவ்வளவு உபசரித்தாலும் இரண்டு மணிக்குக் கிளம்பிவிடுங்கள்.

மூன்று நாள் தேர், கடைசிச் சாயங்காலம் தேர்கள் சந்திக்கும் கூட்டம் எல்லாம் பார்த்து, நாலு நாள் மாமியாரோடு இருக்கலாம். திரும்பும்போது கடற்கரை வேண்டாம். கோவை, சேலம், பெங்களூர், ஹூப்ளி, புனே வழியாக மூன்று நாளில் வீடு. உங்களுக்கும் லைசென்ஸ் இருந்தால் பாதி தூரம் நீங்களே ஓட்டுங்கள்.

நவம்பரில் கோகர்ணாவில் கூட்டம் வந்துவிடும். தேர்த் தேதியைப் பஞ்சாங்கத்தில் பார்த்துவிட்டு, இந்த வாரமே அறையைப் பதிவு செய்துவிடுங்கள்.