மனு கொடுத்தது நோட்டீஸ் ஆகாது

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டாலில் இருக்கிறேன். விடியற்காலை ஐந்து மணிக்குச் சைக்கிளில் வேலைக்குப் போகும்போது, சாலையோர மழைநீர் வடிகாலின் இரும்புக் கிராதியில் முன்சக்கரம் இறங்கி விழுந்தேன். காறை எலும்பு முறிந்து பிளேட் வைத்திருக்கிறார்கள். ஐந்து மாதம் ஆகிறது. அந்தச் சாலையில் நடைபாதையும் இல்லை, சைக்கிள் தடமும் இல்லை. பத்து வருடமாகக் கவுன்சிலர் ஏமாற்றுகிறார். 300 பேர் கையெழுத்திட்டு மனுவும் கொடுத்தோம். போன வாரம்தான் கிராதியை மாற்றினார்கள். நஷ்டஈடு கிடைக்குமா?

பதில்: கவுன்சிலரை விட்டுவிடுங்கள். சைக்கிள் தடம் போடாததையும் வழக்காக்க வேண்டாம். எந்தச் சாலைக்கு எப்போது பணம் ஒதுக்குவது என்பதில் நீதிமன்றம் எளிதில் தலையிடாது. உங்கள் வழக்கு அந்த ஒரு கிராதிதான். கம்பிகள் சைக்கிள் போகும் திசையிலேயே நீளவாக்கில் இருந்தனவா? இடைவெளி உங்கள் டயரைவிட அகலமா? அப்படியானால், கிராதியைக் குறுக்காகத் திருப்பிப் பதித்திருந்தாலே, அல்லது இரண்டு குறுக்குப் பட்டை வெல்டிங் செய்திருந்தாலே சக்கரம் இறங்கியிருக்காது. ஆபத்து தெரிந்தும் இவ்வளவு சின்ன வேலையைச் செய்யாமல் விட்டது நியாயமா என்றுதான் நீதிபதி பார்ப்பார். நடைபாதைக் குழியில் விழுந்த ஒரு பெண்மணியின் வழக்கில் 2000-ல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் இதே வழியில்தான் போனது: நகராட்சிக்கு முழு விலக்கும் கிடையாது, எல்லாக் குழிக்கும் பொறுப்பும் கிடையாது.

ஆனால் எனக்குப் பயம் வேறு இடத்தில். 2002-ம் ஆண்டின் 40-ம் எண் சட்டப்படி, அரசு அமைப்பிடம் நஷ்டஈடு கேட்க ஆறு மாதத்துக்குள் எழுத்தில் நோட்டீஸ் போக வேண்டும். உங்களுக்கு மிஞ்சியிருப்பது ஒரு மாதம்கூட இல்லாமல் இருக்கலாம். நீங்கள் கொடுத்த மனு, கவுன்சிலருக்கு அனுப்பிய வாட்ஸ்அப், புகார் எண் எதுவும் நோட்டீஸ் இல்லை. விழுவதற்கு முன்பே கொடுத்த புகார்களின் எண்கள் நகராட்சிக்கு ஆபத்து தெரியும் என்பதற்குச் சான்றாக உதவும், அவ்வளவுதான். வழக்குப் போட வருபவர்கள் பலர் இங்கேதான் விழுகிறார்கள்.

நோட்டீஸ் நகராட்சி மேலாளர் பெயருக்கு, நேரில் அல்லது சான்றிட்ட தபாலில் போக வேண்டும். மின்னஞ்சலில் அனுப்பினால் அது போய்ச் சேர்ந்ததை உறுதி செய்து, ஏழு நாளுக்குள் சான்றிட்ட நகலையும் நேரிலோ சான்றிட்ட தபாலிலோ சேர்க்க வேண்டும். நடந்தது என்ன, எவ்வளவு கேட்கிறீர்கள் என்பது அதில் இருக்கட்டும். சாலை நகராட்சியுடையதா, மாகாணப் போக்குவரத்துத் துறையுடையதா என்று முதலில் பாருங்கள். சந்தேகம் இருந்தால் இரண்டு இடத்துக்கும் அனுப்புங்கள். தவறான இடத்துக்குப் போன நோட்டீஸ் உங்களைக் காப்பாற்றாது. காலம் கடந்தால் தாமதத்தை மன்னிக்கும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம். தாமதத்துக்கு நல்ல காரணம் காட்ட வேண்டும்.

அடுத்த பள்ளம்: "விசாரணையில் இருக்கிறது" என்று நகராட்சியின் காப்பீட்டாளர் மாதம் ஒரு கடிதம் அனுப்புவார். பேச்சுவார்த்தை, வழக்குப் போடுவதற்கான மூன்று வருடக் காலவரம்பை நிறுத்தாது. வழக்கின் சம்மன் எதிர்த்தரப்பிடம் முறைப்படி சேர்ந்தால் நிற்கும். மூன்று வருடம் முடிந்துவிட்டால் மன்னிப்பும் கிடையாது.

பழைய கிராதி போய்விட்டதே, அதன் படம் இருக்கிறதா? புதியதைப் போட்டது குற்ற ஒப்புதல் ஆகாது. அதே சாலையில் அதே மாதிரிக் கிராதி இன்னும் இருந்தால், இடைவெளிமேல் அளவு நாடாவை வைத்து, வண்டி வரும் திசையிலிருந்தும், பக்கத்து விளக்குக் கம்பத்தின் எண் தெரியும்படியும் படம் எடுங்கள்.

"தினமும் போகிற வழி, அந்தக் கிராதி ஆபத்து என்று தெரியும்" என்று எங்காவது எழுதியிருக்கிறீர்களா? எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் காட்டும். ஐந்து மணி இருட்டில் சைக்கிளில் விளக்கு எரிந்ததா என்றும் கேட்கும். 1956-ம் ஆண்டுச் சட்டப்படி உங்கள் கவனக்குறைவுக்கு ஏற்ப தொகை குறையும். தலைக்கவசம் இல்லாதது காறை எலும்பு முறிவுக்குக் காரணமில்லை, அதற்காகக் கலங்க வேண்டாம்.

சமரசத் தொகை வந்தால், என் கருத்தில், ஏற்றுக்கொள்ளப் பாருங்கள். பொறியாளர் அறிக்கைக்கே நிறையச் செலவாகும், தோற்றால் எதிர்த்தரப்புச் செலவும் உங்கள் தலையில் விழும். ஆனால் பிளேட்டை எடுக்கும் இரண்டாவது ஆபரேஷன் செலவும், போன சம்பளமும் அந்தத் தொகையில் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். "முழுமையாகவும் இறுதியாகவும்" என்ற தாளில் கையெழுத்து விழுந்துவிட்டால் பிறகு ஒரு ராண்டுகூடக் கேட்க முடியாது.