அபராதம் யாருக்கு எவ்வளவு?

கேள்வி: ஒரே குற்றத்துக்கு ஏழையிடம் குறைவாகவும் பணக்காரரிடம் அதிகமாகவும் அபராதம் வசூலிப்பது, சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்ற கொள்கைக்கு முரணாகாதா?

பதில்: தொகையை மட்டும் பார்த்தால் முரணாகத்தான் தெரியும். ஆனால் இருவருக்கு ஒரு மாதச் சிறை விதித்தால் இருவரும் இழப்பது ஒரு மாதத்தையே. இருவருக்கும் ஒரே தொகையை அபராதமாக விதித்தாலோ, ஒருவர் அதைக் கட்டிவிட்டு அன்றே மறந்துவிடுவார், மற்றவர் அதற்காக வட்டிக்குக் கடன் வாங்க நேரிடும். இங்கிலாந்து மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பிட்ட 1215-ஆம் ஆண்டின் மாக்னா கார்ட்டா சாசனமே, தண்டம் குற்றத்தின் தன்மைக்கேற்ப இருக்க வேண்டும் என்பதோடு நில்லாமல், வணிகரின் சரக்கையும் உழவரின் பிழைப்பையும் அது பறித்துவிடக் கூடாது என்றும் விதித்தது.

இதற்கு ஒரு கணக்கு வடிவம் கொடுத்தது, பின்லாந்து 1921-இல் கொண்டுவந்த ‘நாள் அபராத’ முறை. பின்னர் இதைப் பின்பற்றிய ஜெர்மனியில், நீதிபதி முதலில் குற்றத்தின் கடுமையை எடைபோட்டு 5 முதல் 360 வரை நாள்களின் எண்ணிக்கையை முடிவு செய்கிறார். அதன் பிறகே, குற்றவாளியின் நிகர வருமானத்தைக் கணக்கிட்டு, ஒரு நாளுக்குரிய தொகையை 1 யூரோவிலிருந்து 30,000 யூரோவுக்குள் நிர்ணயிக்கிறார். 40 நாள் அபராதம் பெற்ற இருவரில், நாளொன்றுக்கு 20 யூரோ ஈட்டுபவர் 800 யூரோ செலுத்துவார். 200 யூரோ ஈட்டுபவர் 8,000 யூரோ செலுத்துவார். தொகை வேறுபட்டாலும் தீர்ப்பில் இருவருக்கும் 40 என்றே எழுதப்பட்டிருக்கும். குற்றத்தையும் வசதியையும் இப்படித் தனித்தனியே அளப்பதுதான் இம்முறையின் உயிர்நாடி என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: வருமானத்தை மறைப்பவரையும், கட்டவே வழியில்லாதவரையும் நீதிமன்றம் என்ன செய்யும்?

பதில்: முதலாவது சிக்கலில் இங்கிலாந்து இடறியது. 1992 அக்டோபரில் அங்கே நடைமுறைக்கு வந்த இத்தகைய முறையில், வருமான விவரம் தராதவர்களுக்கு உச்ச விகிதம் விதிக்கப்பட்டதால், வறுவல் பாக்கெட்டின் உறையைத் தெருவில் எறிந்த ஒருவருக்கு 1,200 பவுண்டு அபராதம் விழுந்தது. கண்டனம் வலுத்து, மறு ஆண்டே அம்முறை கைவிடப்பட்டது. பின்லாந்தில் வரிப் பதிவுகளைக் கொண்டே வருமானம் சரிபார்க்கப்படுவதால் இந்தத் தொல்லை பெரிதும் குறைகிறது.

இரண்டாவதுதான் என்னை அதிகம் வருத்துகிறது. சிறை தேவையில்லை என்று நீதிமன்றமே கருதிய குற்றத்துக்காக, பணம் இல்லை என்ற ஒரே காரணத்தால் ஒருவர் சிறைக்குப் போகிறார். ஜெர்மனியில் ஒரு நாள் அபராதத்துக்கு ஒரு நாள் சிறை என்றிருந்ததை, 2024 பிப்ரவரி முதல் இரண்டு நாள் அபராதத்துக்கு ஒரு நாள் எனப் பாதியாக்கியுள்ளனர். தவணையில் செலுத்தவோ, சமூகப் பணி செய்து ஈடுகட்டவோ வாய்ப்பளித்துப் பார்த்த பிறகும் வேண்டுமென்றே கட்ட மறுப்பவருக்கு மட்டும் சிறை என்பதே நியாயமான வரிசை.