டேபிளில் நெடுவரிசையை 500 ஆக்கிய பிறகும் சிஎஸ்வி இறக்குமதியில் "டெக்ஸ்ட் வாஸ் ட்ரங்கேட்டட்" என்று பிழை வருவது ஏன்?

டேபிளைத் தொட வேண்டாம், அது சரியாகத்தான் இருக்கிறது. எஸ்கியூஎல் சர்வரின் (மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருள்) இம்போர்ட் விசார்ட், சிஎஸ்வி கோப்பின் (மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்த உரைக் கோப்பு) ஒவ்வொரு நெடுவரிசைக்கும் தானாகவே 50 எழுத்து அகலம் வைத்துக்கொள்கிறது. உங்கள் முகவரி நெடுவரிசையில் 51-வது எழுத்து வந்ததும் கோப்பைப் படிக்கும் இடத்திலேயே வேலை நின்றுபோகிறது. தரவு டேபிள் வரை வந்தே சேரவில்லை. அங்கே 500 என்ன, 4000 கொடுத்தாலும் இதே பிழைதான் வரும்.

கோப்பைத் தேர்ந்தெடுக்கும் திரையில் இடப்பக்கம் "அட்வான்ஸ்டு" இருக்கும். அதில் முகவரியைச் சொடுக்கி, "அவுட்புட் காலம் விட்த்" 50 என்பதை 500 ஆக்குங்கள். பக்கத்திலுள்ள "சஜஸ்ட் டைப்ஸ்" பொத்தானை நம்பாதீர்கள். அது தொடக்கத்தில் சில வரிகளைப் பார்த்துத்தான் அகலம் சொல்லும். நீளமான முகவரி 9000-வது வரியில் இருந்தால் அதற்குத் தெரியாது.

அதே பிழைச்செய்திக்கு இரண்டாம் பாதி ஒன்று உண்டு, பலர் அதைப் படிப்பதில்லை: "அல்லது சில எழுத்துகளுக்கு இலக்கு கோட் பேஜில் இணை இல்லை". கோட் பேஜ் என்பது எழுத்துகளுக்கு எண் தரும் அட்டவணை. தமிழ் முகவரி என்றால் காரணம் இதுவாகவும் இருக்கலாம். கோப்பு யுடிஎஃப்-8 என்றால் "ஜெனரல்" பகுதியில் கோட் பேஜை 65001 ஆக்கி, நெடுவரிசை வகையை யூனிகோட் ஸ்ட்ரிங் ஆக்குங்கள். டேபிளிலும் யூனிகோட் எழுத்துகளை வைக்கும் வகையான என்வார்கார் இருக்க வேண்டும்.

நீளத்தைக் கண்ணால் எண்ணினால் ஏமாறுவீர்கள். "ஸ்ரீரங்கம்" நமக்கு ஐந்து எழுத்து, என்வார்காருக்கோ மெய்ப்புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனி என்பதால் 10. 2019 பதிப்பில் வந்த யுடிஎஃப்-8 கொலேஷனோடு (எழுத்துகளைச் சேமிக்கவும் ஒப்பிடவும் உள்ள விதி) வார்கார் வைத்தால் இதே சொல் 30 பைட் பிடிக்கும். அங்கே வார்கார்(50) என்பது 50 எழுத்தல்ல, 50 பைட்.

கோப்பு எக்செல் என்றால் கதை வேறு. எக்செல் டிரைவர் வழக்கமாக முதல் 8 வரிகளைப் பார்த்து வகையை முடிவு செய்யும். அவற்றில் 255-ஐத் தாண்டிய மதிப்பு இல்லையென்றால் நெடுவரிசைக்கு 255 தான். நீளமான வரியை மேலே ஏற்றிவைத்தால் தப்பிக்கலாம், ஆனால் யுடிஎஃப்-8 சிஎஸ்வியாகச் சேமித்துக்கொள்வதே நிம்மதி.

அடிக்கடி செய்ய வேண்டிய இறக்குமதி என்றால் விசார்டோடு மல்லுக்கட்டாமல், எல்லா நெடுவரிசையும் என்வார்கார்(மேக்ஸ்) ஆன ஓர் இடைநிலை டேபிளில் முதலில் கொட்டுங்கள். விசார்டிலேயே கொட்டுவதானால் "அட்வான்ஸ்டு" பகுதியில் அகலத்தைக் கூட்டி வையுங்கள், இல்லாவிட்டால் அந்த 50 திரும்பவும் குறுக்கே நிற்கும். பிறகு ஒவ்வொன்றுக்கும் நீளம் சொல்லும் லென் செயற்கூறின் மேக்ஸ் மதிப்பை எடுத்துப் பாருங்கள். லென் கடைசி இடைவெளிகளை எண்ணாது. சந்தேகம் வந்தால் டேட்டாலெந்த் (பைட் அளவு) எடுத்து இரண்டால் வகுங்கள். பின்கோடு நெடுவரிசையில் 140 எழுத்து என்று வந்தால் அது அகலப் பிரச்சினையே இல்லை. முகவரிக்குள் இருக்கும் காற்புள்ளி நெடுவரிசைகளைத் தள்ளிவிட்டிருக்கிறது. "டெக்ஸ்ட் குவாலிஃபயர்" பெட்டியில் இரட்டை மேற்கோள் போட்டீர்களா என்று பாருங்கள்.

இடைநிலையிலிருந்து உண்மையான டேபிளுக்கு மாற்றும்போது வருவது வேறு பிழை, பழைய எண் 8152. எந்த நெடுவரிசை என்றே சொல்லாத எரிச்சலூட்டும் செய்தி அது. 2019-இல், தரவுத்தளத்தின் காம்பாட்டிபிலிட்டி லெவல் (எந்தப் பதிப்பைப் போல நடக்க வேண்டும் என்ற அமைப்பு) 150 என்றால், அதற்குப் பதில் 2628 வரும். டேபிள், நெடுவரிசை, வெட்டுப்பட்ட மதிப்பு மூன்றையும் காட்டும். 2016 எஸ்பி2 சியு6, 2017 சியு12 ஆகிய புதுப்பிப்புகள் முதல் ட்ரேஸ் ஃபிளாக் (சர்வரின் நடத்தையை மாற்றும் சுவிட்ச்) 460 போட்டால் அங்கும் கிடைக்கும்.

பயத்தில் எல்லாவற்றையும் என்வார்கார்(4000) ஆக்கிவிடாதீர்கள். வரிசைப்படுத்தும்போது அறிவித்த நீளத்தில் பாதி நிரம்பியிருக்கும் என்று கணக்கிட்டே சர்வர் நினைவகம் கேட்கும்.

விசார்டில் "ஆன் ட்ரங்கேஷன்: இக்னோர்" என்று ஒரு வாய்ப்பு இருக்கிறது, ஆன்சி வார்னிங்ஸ் என்ற சர்வர் அமைப்பை அணைத்தாலும் கிட்டத்தட்ட அதே விளைவுதான். பிழை போய்விடும், கூடவே முகவரியின் வால் பகுதியும் போய்விடும், யாருக்கும் தெரியாமல்.