பல் டாக்டரைக் கண்டாலே அலறும் குழந்தையை எப்படிச் சமாளிப்பது?

ஐந்து வயதுப் பையன் பல் டாக்டரின் நாற்காலியில் உட்காரவே மாட்டேன் என்கிறான், விழப்போகிற பால் பல்தானே, அப்படியே விட்டுவிடலாமா, மயக்கம் கொடுத்துச் செய்தால் ஆபத்தா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை. அதே நாற்காலியில் ஒருமுறை தோற்று, இரண்டாம் முறை ஒருவழியாகக் கரையேறிய அம்மா.

மகள் யூ.கே.ஜி. படிக்கும்போது கீழ்க் கடைவாய்ப் பல் இரண்டில் சொத்தை. வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்குக்கு இரவு ஏழரை மணிக்குக் கூட்டிப்போனேன். முதல் தப்பு அதுதான். பள்ளி முடித்து, தூக்கமும் பசியுமாக இருக்கிற குழந்தை, உள்ளேயிருந்து வருகிற 'கொய்ங்' சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் காத்திருந்தாள். அப்புறம் நான் ஒரு கையைப் பிடிக்க, உதவியாளர் தலையைப் பிடிக்க, அவள் டாக்டரின் விரலைக் கடித்துவிட்டாள். பாதி வேலையோடு திரும்பினோம். அதன்பின் இரண்டு வாரம் பல் தேய்க்கக்கூட வாயைத் திறக்கவில்லை.

யோசித்துப் பார்த்தால் பயத்தை ஊட்டியது நாங்கள்தான். "சாப்பிடலைன்னா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லிடுவேன்" என்று அவள் அப்பத்தா தினமும் சொல்வார், நானும் சொல்லியிருக்கிறேன். அன்று ஆட்டோவில் போகும்போது வழியெல்லாம் "ஊசியெல்லாம் போடமாட்டாங்க, வலிக்கவே வலிக்காது" என்றேன். நம் பேச்சில் 'இல்லை' என்கிற மறுப்பு வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். அவள் காதில் முதலில் விழுந்தது ஊசி. அடுத்து விழுந்தது வலி. போதாக்குறைக்கு, உள்ளே போனதும் ஊசியும் போட்டார்கள். அதோடு என் வார்த்தைக்கு மதிப்புப் போயிற்று.

மூன்று மாதம் கழித்து, குழந்தைகளுக்கென்றே இருக்கிற பல் மருத்துவரிடம் போனோம். பி.டி.எஸ். முடித்துவிட்டு, குழந்தைப் பல் மருத்துவத்தில் மூன்று வருடம் எம்.டி.எஸ். படித்தவர்கள் இவர்கள். பெரிய ஊர்களில் விசாரித்தால் கிடைப்பார்கள். முதல் நாள் அவர் எந்தச் சிகிச்சையும் செய்யவில்லை. குட்டிக் கண்ணாடியை அவள் கையிலேயே கொடுத்துப் பல்லை எண்ணச் சொன்னார். பல்லை மெருகேற்றும் சுழல் பிரஷ்ஷை அவள் கட்டைவிரல் நகத்தில் வைத்துச் சுற்றினார். "கூசுது" என்று சிரித்தாள். எச்சில் உறிஞ்சும் குழாயை ஒரு டம்ளர் தண்ணீரில் விட்டு உறிஞ்சிக் காட்டினார். இதற்கு 'சொல், காட்டு, செய்' என்று பெயர். 1959லேயே ஆடல்ஸ்டன் என்பவர் எழுதிவைத்த முறை. கேட்க விளையாட்டுபோல இருக்கும், ஆனால் மூன்றும் அதே வரிசையில் நடக்க வேண்டும்.

அடுத்த தடவை ஒரு ஒப்பந்தம். "இடது கையைத் தூக்கினா உடனே நிறுத்திடுவேன்." அவள் நம்பவில்லை. வாயைத் திறந்த அடுத்த நொடியே கையைத் தூக்கினாள். நிறுத்தினார். மறுபடி தூக்கினாள், நிறுத்தினார். நாலு தடவை சோதித்துப் பார்த்தாள். ஐந்தாவது தடவை கை பாதி எழும்பி, தானே வயிற்றின்மேல் இறங்கிக்கொண்டது. எனக்கு அங்கேதான் உயிர் வந்தது.

ஊசிக்கு முன்னால் ஈறில் மரக்கும் ஜெல் தடவி ஓரிரு நிமிடம் விட்டார். ஊசியை அவள் கண்ணில் படாமல் மோவாய்க்குக் கீழாகக் கொண்டுவந்தார். 'வலிக்காது' என்ற பேச்சே இல்லை. "கட்டெறும்பு கடிச்ச மாதிரி சுருக்குன்னு இருக்கும், நான் பத்து எண்ணுறதுக்குள்ள போயிடும்" என்றார். அப்படியே நடந்தது. என்னிடம் கண்டிப்பாகச் சொன்னது ஒன்றுதான்: அறையில் ஒரு குரல்தான் கேட்க வேண்டும், நீங்கள் பேசாதீர்கள். அவள் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். அதுதான் கஷ்டம்.

இதிலும் ஒன்று கோட்டைவிட்டேன். மரப்பு போக இரண்டு மூன்று மணி நேரம் ஆகும், உதட்டைக் கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். டிவி முன்னால் உட்காரவைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். வந்து பார்த்தால் கீழுதடு மென்று வீங்கியிருக்கிறது. மறுநாள் அதன்மேல் வெள்ளையாகப் படர்ந்தது. சீழ் என்று பதறினேன். புண் ஆறும்போது அப்படித்தான் இருக்குமாம். சில நாளில் சரியாகிவிட்டது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். பால் பல்தானே என்று விடாதீர்கள். முன்பல் ஆறேழு வயதில் விழும். கடைவாய்ப் பால் பற்கள் 10, 12 வயது வரை இருக்க வேண்டியவை. முன்னதாகவே பிடுங்கினால் பக்கத்துப் பல் சாய்ந்து, பின்னால் அங்கே முளைக்கவேண்டிய பல்லின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சொத்தை நரம்பு வரை போகவில்லையென்றால் துளைபோடாமலே வழி உண்டா என்று கேளுங்கள். சொத்தையை நிறுத்திவைக்கும் வெள்ளிச் சத்துள்ள ஃபுளூரைடு மருந்து ஒன்றைத் தடவுவார்கள். சொத்தை விழுந்த இடம் கறுத்துவிடும், அவ்வளவுதான். சில பற்களுக்கு ஊசியோ துளையோ இல்லாமல் எஃகுத் தொப்பியை மாட்டிவிடவும் முடியும்.

மயக்கம் என்று டாக்டர் சொன்னது எதை என்று முதலில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். 'சிரிப்பு வாயு' என்றால் ஆக்சிஜனோடு கலந்து மூக்கு வழியாகக் கொடுப்பது. குழந்தை விழித்தபடியே இருக்கும், பேசினால் பதில் சொல்லும். நிறுத்திய சில நிமிடத்தில் தெளிந்துவிடும். சளியில் மூக்கு அடைத்திருந்தால் மட்டும் வேறு நாள் போங்கள். முழு மயக்கம் வேறு. அதற்கு மயக்க மருந்து நிபுணர் கூடவே இருக்க வேண்டும், வெறும் வயிறு வேண்டும், மருத்துவமனை வசதி வேண்டும். சின்னப் பிள்ளைக்கு ஏழெட்டுப் பல்லில் சொத்தை என்றால், ஒவ்வொரு வாரமும் அழுத்திப் பிடித்துச் செய்வதைவிட அது மேல் என்பது என் அபிப்பிராயம்.

நேரத்தைக் காலையில் வாங்குங்கள். வீட்டில் கரடிப் பொம்மைக்குக் கரண்டிக் காம்பால் பல் பார்க்கும் விளையாட்டு ஒரு வாரம் நடக்கட்டும். ஆனால் கன்னம் வீங்கியோ காய்ச்சலோ இருந்தால் இந்தப் பழக்கமெல்லாம் பிறகு. அழுதாலும் இன்றைக்கே தூக்கிக்கொண்டு போங்கள்.