தேனிலவுக்குத் தென் ஐரோப்பா: கையைக் கடிக்காமல், ஓடாமல்

நானும் என் கணவரும் கிரீஸ், இத்தாலி, ஸ்பெயின் என்று இதுவரை ஐந்து முறை போய் வந்திருக்கிறோம். எல்லாமே எங்கள் சம்பளத்துக்குள் அடங்கிய பயணங்கள். கல்யாணம் ஆனவர்களும் ஆகப்போகிறவர்களும் கேட்ட கேள்விகளுக்கு, நான் பட்டறிந்ததை வைத்துப் பதில் சொல்கிறேன்.

அக்கா, எங்களுக்கு 10 நாள் இருக்கிறது. ரோம், வெனிஸ், ஏதென்ஸ், சாண்டோரினி, பார்சிலோனா எல்லாம் பார்க்க ஆசை. நாட்களை எப்படிப் பிரிக்கலாம்? (கோவை, ஆவணியில் திருமணம்)

பிரிக்க வேண்டாம் தம்பி. பாதிக்கு மேல் வெட்டிவிடுங்கள்.

கல்யாண அலைச்சலில் நீங்கள் இருவரும் சரியாகத் தூங்கியே பல வாரம் ஆகியிருக்கும். ஊர் மாறும் ஒவ்வொரு முறையும் ஒரு நாள் போகிறது. காலையில் பெட்டி கட்டி அறையைக் காலி செய்ய வேண்டும், அடுத்த ஊரில் மதியம் 3 மணிக்குத்தான் அறை தருவார்கள். நடுவில் விமான நிலையம், பெட்டிக்குத் தனிக் கட்டணம், டாக்ஸி, பசிக்கு அங்கே கிடைத்ததை வாங்கித் தின்பது. பணம் கரைவதும் அங்கேதான், சண்டை வருவதும் அங்கேதான். எங்கள் முதல் பயணத்தில் 9 நாளில் 4 ஊர் பார்த்தோம். இன்றைக்கு யோசித்தால் ரயில் நிலையங்கள்தான் ஞாபகம் வருகின்றன.

ஒரு நாடு, இரண்டு ஊர் போதும். அதில் ஒன்றில் 6 இரவாவது இருங்கள். சின்ன அடுப்பும் குளிர்பெட்டியும் உள்ள அறையாக எடுத்தால் காலைச் சாப்பாட்டுச் செலவு மிச்சம். ஒரு வாரத்துக்கு எடுத்தால் வாடகையைக் குறைப்பவர்களும் உண்டு. நான் உங்களுக்குச் சொல்வது: ஏதென்ஸில் 2 இரவு, நக்ஸோஸ் தீவில் 6 இரவு, கடைசி இரவு மறுபடி ஏதென்ஸில்.

நக்ஸோஸா? பெயரே கேள்விப்பட்டதில்லையே. சாண்டோரினி போகாமல் கிரீஸ் போய் என்ன பயன்? (மேலே கேட்டவரின் வருங்கால மனைவி)

உங்கள் கேள்வி நியாயமானது. படங்களில் பார்ப்பதெல்லாம் சாண்டோரினிதானே. அங்கே எரிமலை வெடித்து உண்டான பள்ளத்தைக் கடல் நிரப்பியிருக்கிறது. அந்தச் செங்குத்து விளிம்பில் இருக்கும் அறைகளுக்குத்தான் அவ்வளவு விலை. காட்சி அருமை, மறுக்கவில்லை. ஆனால் காலாற நடந்து இறங்கிக் குளிக்கும் மணல் கடற்கரை அந்த விளிம்பில் கிடையாது.

சாண்டோரினி இருக்கும் அதே சைக்கிளடீஸ் தீவுக்கூட்டத்தில் மிகப் பெரிய தீவு நக்ஸோஸ். அங்கே விவசாயம் உண்டு, ஆடு மாடு உண்டு. அதன் உருளைக்கிழங்குக்கும் கிராவியேரா பாலாடைக்கட்டிக்கும் கிரீஸ் முழுக்கப் பெயர். சுற்றுலாவை மட்டும் நம்பி வாழாத ஊர் என்பதால் சாப்பாட்டு விலையும் அறை வாடகையும் தாங்கும்படி இருக்கின்றன. செப்டம்பர் கடைசியில் கடற்கரையிலிருந்து ஐந்து நிமிட நடையில் எங்களுக்கு ஒரு நாளைக்கு 60 யூரோவுக்கு அறை கிடைத்தது.

துறைமுகத்தில் இறங்கியதுமே கடலை ஒட்டிய திட்டில் ஒரு பெரிய பளிங்கு வாசல் தனியாக நிற்பது தெரியும். போர்த்தாரா என்பார்கள். கி.மு. 530 வாக்கில் கிரேக்கக் கடவுள் அப்பல்லோவுக்குத் தொடங்கி முடிக்காமல் விட்ட கோயிலின் வாசல் அது. கட்டணம் எதுவும் இல்லை. சாயங்காலம் அங்கே போய் உட்காருங்கள், சூரியன் கடலில் இறங்கும்வரை எழுந்துவர மனசு வராது. ஊரிலிருந்து பஸ் பிடித்தால் பிளாக்கா கடற்கரை, நான்கு கிலோமீட்டர் நீள மணல். மலைப்பக்கம் ஹால்கி, அப்பிராந்தோஸ் என்ற கிராமங்கள் உண்டு. அப்பிராந்தோஸில் தெருவுக்கே பளிங்கு பாவியிருக்கிறார்கள். இதற்கெல்லாம் இரண்டு நாள் போதும். மீதி நாட்களில் கடலில் குளியுங்கள், மதியம் தூங்குங்கள்.

சாண்டோரினி பார்த்தே ஆகவேண்டும் என்றால் நக்ஸோஸிலிருந்து கப்பலில் சுமார் இரண்டு மணி நேரம்தான். இரண்டு இரவு, கரிய மணல் இருக்கும் பெரிஸ்ஸா பக்கம் தங்குங்கள். அந்தத் தீவின் ஃபீரா ஊரிலிருந்து ஓயா ஊருக்கு எரிமலை விளிம்பிலேயே நடைபாதை போகிறது, சுமார் 10 கிலோமீட்டர். விடிகாலையில் கிளம்பினால், பெரிய ஹோட்டல்களில் காசு கொடுத்துப் பார்க்கும் அதே காட்சி நடந்தவர்களுக்கு இலவசம்.

ஏதென்ஸிலிருந்து தீவுக்கு வேகப் படகா, பெரிய கப்பலா? (சென்னை)

பெரிய கப்பல். ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்திலிருந்து நக்ஸோஸுக்கு ஐந்து, ஐந்தரை மணி நேரம் ஆகும். வேகப் படகில் நேரம் குறைவு, கட்டணம் அதிகம், அலை இருந்தால் வயிற்றைப் புரட்டும். கப்பலில் மேல்தளத்தில் காற்று வாங்கிக்கொண்டே போகலாம். அதுவே தேனிலவின் ஒரு பகல். விமான நிலையத்திலிருந்து மெட்ரோ நேரே பிரேயஸ் வரை போகிறது, டாக்ஸி வேண்டாம்.

ஜூலை, ஆகஸ்டில் இந்தத் தீவுகள் இருக்கும் ஈஜியன் கடலில் மெல்தெமி என்ற வடகாற்று வீசும். பலமாக அடித்தால் முதலில் நிற்பது சின்னப் படகுகள்தான். ஒரு முறை நாங்கள் விமானம் ஏறும் அன்றே தீவிலிருந்து கிளம்பத் திட்டம் போட்டிருந்தோம். காற்றில் படகு ரத்து. புது டிக்கெட் வாங்கியதில் அந்தப் பயணத்தில் மிச்சம் பிடித்ததெல்லாம் ஒரே மூச்சில் போனது. அதனால்தான் கடைசி இரவு ஏதென்ஸில் என்று அழுத்திச் சொல்கிறேன்.

எந்த மாதம் நல்லது? (மதுரை)

செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் முதல் வாரம் வரை. கோடை முழுக்கச் சூடேறிய கடல் மெதுவாகத்தான் ஆறும், அதனால் தண்ணீர் அப்போதும் இதமாக இருக்கும். கூட்டமும் விலையும் இறங்கியிருக்கும். அடுத்தது ஜூன் முதல் பாதி. வைகாசியில் கல்யாணம் என்றால் அதுதான் உங்களுக்கு. ஆகஸ்ட் 15 மாதாவின் திருநாள். கிரீஸும் இத்தாலியும் அந்த வாரம் விடுமுறையில் இருக்கும். அப்போது போகவே வேண்டாம்.

நாங்கள் இருவரும் சுத்த சைவம். பத்து நாள் ரொட்டியும் சாலடும்தானா? (கும்பகோணம்)

பயப்படாதீர்கள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு ஆசை, ஏனென்றால் நானும் சைவம்.

கிரேக்க ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் வருடத்தில் பல நாள் விரதம் இருப்பவர்கள். விரதச் சாப்பாட்டுக்கு நிஸ்தீசிமோ என்று பெயர். இறைச்சி, பால், முட்டை கிடையாது. உணவகத்தில் இந்தச் சொல்லைச் சொல்லிக் கேளுங்கள், உடனே புரிந்துகொள்வார்கள். ஒன்று மட்டும் கவனம்: கணவாய், இறால் போன்றவற்றை விரதத்தில் அனுமதிப்பார்கள், அதனால் கடல் உணவும் வேண்டாம் என்று சேர்த்துச் சொல்லிவிடுங்கள். கிகாந்தெஸ் என்றால் தக்காளியில் வெந்த பெரிய வெள்ளை மொச்சை மாதிரி இருக்கும். ஃபாவா என்பது மசித்த பருப்பு, மேலே வெங்காயமும் ஆலிவ் எண்ணெயும். கெமிஸ்தா என்றால் தக்காளிக்குள்ளும் குடைமிளகாய்க்குள்ளும் சோறு அடைத்தது. கொத்துக்கறி சேர்ப்பவர்களும் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள்.

இத்தாலியின் பூலியாவில் மசித்த பருப்போடு கசப்புக் கீரை வைத்துத் தருவார்கள். முதல் வாயிலேயே எனக்கு எங்கள் வீட்டுப் பருப்பு மசியல் ஞாபகம் வந்துவிட்டது. சிசிலியில் கத்தரிக்காய் போட்ட பாஸ்தா அல்லா நோர்மா. இத்தாலியில் உட்கார்ந்ததற்கே ஆளுக்கு ஒன்றிரண்டு யூரோ கொப்பெர்தோ என்று பில்லில் வரும், அது ஏமாற்று இல்லை.

கல்யாணத்துக்கு முன்பே விசாவுக்கு விண்ணப்பிக்கலாமா? மனைவியின் பாஸ்போர்ட்டில் பெயர் மாற்ற வேண்டுமா? (திருச்சி)

விண்ணப்பிக்கலாம். ஷெங்கன் விசாவுக்கு (ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான விசா) பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே எடுப்பார்கள், குறைந்தது 15 நாளாவது இருக்க வேண்டும். ஆளுக்கொரு விண்ணப்பம். 2024 ஜூனிலிருந்து கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். அதிக நாள் தங்கும் நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

பெயரை இப்போது தொடாதீர்கள். விசா, டிக்கெட், அறை எல்லாம் பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரிலேயே இருக்கட்டும். விசா கைக்கு வரும்வரை, ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் அறைகளாக மட்டும் எடுங்கள்.

இத்தாலியின் அமால்ஃபி கடற்கரைதான் என் மனைவியின் கனவு. விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. (சிங்கப்பூர்)

கனவை விட வேண்டாம், தங்கும் ஊரை மாற்றுங்கள். பக்கத்திலேயே சலெர்னோ இருக்கிறது. ரோமிலிருந்து வேக ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். உள்ளூர் மக்கள் வாழும் துறைமுக நகரம், கடலோரம் நீண்ட நடைபாதை. காலையில் படகில் ஏறினால் அரை மணி நேரம் சொச்சத்தில் அமால்ஃபி, இன்னும் கொஞ்சம் போனால் பொசிதானோ. சாயங்காலம் திரும்பிவிடலாம். மலைச்சாலை பஸ் நெரிசலைவிட இந்தப் படகில் இருந்துதான் அந்தக் கரை முழு அழகோடு தெரியும். படகுகள் குளிர்காலத்தில் ஓடாது. நடுவில் ஒரு நாள் ரயிலில் பெஸ்தும் போய் வாருங்கள், மூன்று பழங்காலக் கிரேக்கக் கோயில்கள் புல்வெளியில் நிற்கின்றன.

எங்களுக்குத் தை மாதம் கல்யாணம். பிப்ரவரியில் தீவுக்குப் போகலாமா? (ஈரோடு)

வேண்டாம், பாதிக் கடை மூடியிருக்கும். ஸ்பெயினின் தெற்கே செவில், காடிஸ், கிரனாடா பக்கம் போங்கள். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் செவில் அப்போது நடக்க இதமாக இருக்கும். கிரனாடாவில் பல கடைகளில் ஒரு பானம் வாங்கினால் ஒரு சின்னத் தட்டு சாப்பாடு கூடவே வரும். அல்ஹாம்ப்ரா அரண்மனைக்கு முன்பதிவு மறக்காதீர்கள்.

தீவில் ஸ்கூட்டர் எடுக்கலாமா? (சேலம்)

எடுக்காதீர்கள். வலப்பக்கம் ஓட்டும் பழக்கம் நமக்கில்லை, மலைச்சாலையில் சரளை. சரியான உரிமம் இல்லாமல் விழுந்தால் காப்பீடும் கைவிடும். பஸ் போதும். ஒரு நாள் மட்டும் கார் வேண்டுமென்றால் சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஊரிலேயே எடுத்துக்கொண்டு போங்கள்.

கடைசியாக ஒன்று அக்கா. எல்லாவற்றிலும் மிச்சம் பிடிக்கிறோம், ஒரே ஒரு விஷயத்துக்குத் தாராளமாகச் செலவு செய்யலாம் என்றால் எதற்கு? (முதலில் கேட்ட கோவைத் தம்பி)

பால்கனிக்கு. கடல் தெரியும் பால்கனி உள்ள அறைக்கு நாளைக்கு 15, 20 யூரோ கூடக் கேட்டால் யோசிக்காமல் கொடுங்கள். ஊரிலிருந்து ஒரு பாக்கெட் காபிப்பொடியும் சின்ன வடிகட்டியும் எடுத்துப் போங்கள். காலையில் நீங்கள் போட்டு உங்கள் மனைவிக்குக் கொடுங்கள். எட்டு மணிக்குக் கப்பல் வருவதை இருவரும் அங்கிருந்தே பார்க்கலாம்.